குரோம் முலாம் பூசிய ரைஃபிள் குழல்: யாருக்குத் தேவை, யாருக்கு வீண்?

ரைஃபிள் குழல்களின் விவரப்பட்டியலில் "குரோம்" என்ற சொல் மூன்று இடங்களில் வரும். மூன்றுக்கும் பொருள் வேறு. "குரோம்-மாலி" என்பது 4140, 4150 போன்ற எஃகு வகைகளின் பெயர். அவற்றில் சுமார் 1 சதவீதம் குரோமியம் உருக்கும்போதே கலந்திருக்கும். 416 வகை ஸ்டெயின்லெஸ் எஃகில் 12 முதல் 14 சதவீதம் குரோமியம் உண்டு, அதுவும் கலவைதான். மூன்றாவதுதான் இங்கே பேசப்போவது: குழலைத் துளையிட்டு, சுழல்வரி (குண்டைச் சுழலவைக்கும் மேடும் பள்ளமுமான திருகுவரி) போட்டு முடித்தபின், அதன் உட்சுவரில் மின்முலாமாக ஏற்றப்படும் தனிக் குரோமியப் படலம். "குரோம்-மாலி" என்று பட்டியலில் இருப்பதைப் பார்த்து உள்ளே முலாம் இருக்கிறது என்று நம்பி வாங்கி, இரண்டு மழைக்காலம் கழித்துத் துளைக்குள் செந்துருவைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு.

கையில் இருக்கும் குழலில் முலாம் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, குழல் வாயில் துளையின் விளிம்பை எண்ணெய் இல்லாமல் துடைத்து, எஃகைக் கறுப்பாக்கும் குளிர்நிலை நீலமேற்றும் திரவத்தைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு வையுங்கள். வெற்று எஃகு சில நொடியில் கறுக்கும். முலாம் இருந்தால், கறுத்த முகப்புக்கும் துளைக்கும் நடுவே மயிரிழை போல ஒரு வெள்ளி வளையம் கறுக்காமல் நிற்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேடும் பள்ளமும் அப்படியே வெள்ளிக் கோடாகத் தெரியும். பார்த்ததும் துடைத்து எண்ணெய் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் சோதனையே துருவுக்கு வித்தாகும். ஸ்டெயின்லெஸ் குழலில் இந்தச் சோதனையை நம்ப முடியாது. அந்த எஃகே சரியாகக் கறுக்காது.

குழல் எங்கே சாகிறது

குண்டு உரசி உரசித்தான் குழல் தேய்கிறது என்பது பொதுவான நினைப்பு. உரசலுக்குப் பங்கு உண்டு, ஆனால் முதல் குற்றவாளி அது அல்ல. தோட்டா அறை முடிந்து சுழல்வரி தொடங்கும் இடத்தைத் தொண்டை என்பார்கள். குழல் பெரும்பாலும் அந்த இரண்டு மூன்று அங்குலத்தில்தான் சாகிறது. தோட்டாவிலுள்ள வெடிமருந்து எரியும்போது எழும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸுக்கு வெகு மேலே. எஃகு உருகுவதோ 1,500க்குக் கீழே. தொடர்பு ஆயிரத்தில் ஒரு நொடி அளவே நீடிப்பதால் குழல் உருகி ஓடுவதில்லை. ஆனால் மேற்பரப்பின் மெல்லிய தோல் ஒவ்வொரு சுடுதலிலும் சட்டென்று சூடேறி விரிந்து, உடனே குளிர்ந்து சுருங்குகிறது. வாயுவில் உள்ள கரியும் நைட்ரஜனும் அந்தத் தோலுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுள்ளதாக மாற்றுகின்றன. சில நூறு சுடுதலில் நுண்விரிசல் வலை பின்னத் தொடங்கும். துளைக்குள் விடும் கேமராவில் பார்த்தால் காய்ந்த குளத்தின் வண்டல் போல இருக்கும். முதலைத்தோல் என்பதும் அதையே. பிறகு ஒவ்வொரு குண்டும், அதைத் தாண்டிப் பீறிடும் வாயுவும், விரிசல்களுக்கு நடுவிலுள்ள துண்டுகளைப் பெயர்த்துக்கொண்டே போகும்.

குரோமியம் வேலை செய்வது இந்த இடத்தில். அதன் உருகுநிலை 1,907 டிகிரி. கடினம் ராக்வெல் சி அளவில் 65க்கு மேல். குழல் எஃகு 26 முதல் 32 வரை. வாயுவிலுள்ள கரியோடு எஃகு சேர்வது போல அது எளிதில் சேர்வதில்லை. முலாம் உண்மையில் ஒரு வெப்பக் கவசம். அது துருவையும் தடுக்கும் என்பது கூடுதல் லாபம். விளம்பரங்கள் இந்தக் கூடுதலைத்தான் முதலில் சொல்லும்.

அப்படியென்றால் எல்லாத் துப்பாக்கிக்கும் கவசம் வேண்டுமா? அது எவ்வளவு மருந்து எவ்வளவு சிறிய துளை வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்தது. .308 தோட்டாவில் ஏறத்தாழ 2.85 கிராம் மருந்து எரிகிறது. துளையின் குறுக்குப் பரப்பு 48 சதுர மி.மீ. அதே தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்துக் கழுத்தை இறுக்கிச் செய்த .243இல் மருந்து ஏறத்தாழ 2.7 கிராம், பரப்போ 30 சதுர மி.மீ.தான். ஏறக்குறைய அதே நெருப்பு, மூன்றில் இரண்டு பங்குகூட இல்லாத வாசல் வழியே. அதனால்தான் .308 குழல் 5,000 சுடுதலைத் தாண்டியும் நன்றாக அடிக்கும்போது, .243 குழல் 2,000ஐ நெருங்குவதற்குள் தொண்டை கரைந்து நிற்கிறது. 5.56 மி.மீ. தோட்டாவில் சுமார் 1.6 கிராம் மருந்து, 25 சதுர மி.மீ. பரப்பு. விகிதம் .308க்கு அருகில்தான், ஆனால் அந்தத் தோட்டாவை யாரும் நிதானமாகச் சுடுவதில்லை என்பது வேறு கதை. .22 எல்.ஆர். போன்ற சிறு தோட்டாவில் மருந்து ஒரு சிட்டிகைகூட இல்லை, குண்டு வெறும் ஈயம். அதற்குக் குரோம் முலாம் போடுவது மண்பானைக்கு இரும்புக் கவசம் போடுவது போல.

சுடும் வேகம் இதைவிடப் பெரிய காரணி. குழல் முழுவதும் ஏற்கெனவே சூடாக இருந்தால், அடுத்த சுடுதலின் வெப்பம் உள்ளே இறங்க இடம் இருக்காது; மேற்பரப்பிலேயே தேங்கும். ஒரு நிமிடத்துக்கு ஒரு குண்டு என்று 3,000 சுட்ட குழலும், முப்பது குண்டுப் பெட்டிகளை அடுத்தடுத்துக் காலி செய்து 3,000 சுட்ட குழலும் ஒன்றல்ல. எம்4 ரைஃபிளுக்கு அமெரிக்க ராணுவக் கையேடு கொடுக்கும் நீடித்த சுடுவேகம் நிமிடத்துக்கு 12 முதல் 15 குண்டு. குரோம் முலாம் உள்ள குழலுக்கே அந்த வரம்பு என்பதைக் கவனிக்க வேண்டும்.

ராணுவங்கள் ஏன் இதைத் தேர்ந்தன

குரோம் துளையைக் காலாட்படை ரைஃபிளில் பெரிய அளவில் கொண்டுவந்தது ஜப்பான். 1939இல் ஏற்கப்பட்ட டைப் 99 அரிசாகா ரைஃபிளின் துளை குரோம் பூசியது. வெப்பமண்டலத் தீவுகளின் ஈரமும், தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் அன்றைய பிரைமர்கள் விட்டுச்செல்லும் உப்பும் சேர்ந்தால் சாதாரண எஃகு என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. போரின் கடைசிக் கட்டத்தில் பொருள் தட்டுப்பாடு வந்தபோது முதலில் கைவிடப்பட்டவற்றில் அந்த முலாமும் ஒன்று. சோவியத் ஒன்றியம் ஏகே குடும்பத்துக்கு அதைப் பிடிவாதமாக வைத்துக்கொண்டது. யூகோஸ்லாவியா தன் எம்59, எம்59/66 வகை எஸ்கேஎஸ் ரைஃபிள்களில் முலாம் போடவில்லை. இன்று பழைய ராணுவ ரைஃபிள் சேகரிப்பவர்கள் யூகோஸ்லாவியத் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் முதலில் துளைக்குள் விளக்கடித்துக் குழி தேடுவதன் காரணம் அதுதான்.

ஆனால் முலாம் இல்லாமையின் விலையை உலகம் கற்றுக்கொண்டது எம்16 ரைஃபிளில். அதற்கு முந்தைய எம்14 ரைஃபிளின் அறையும் துளையும் குரோம் பூசியவை. ராணுவத்துக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனாலும் வியட்நாமுக்குப் போன ஆரம்ப எம்16கள் முலாம் இல்லாமலே போயின. கூடவே தோட்டாவின் மருந்து வகை மாற்றப்பட்டது, துப்புரவுக் கருவிகள் போதுமான அளவு அனுப்பப்படவில்லை. விளைவு, சுட்ட கூடு அறைக்குள்ளேயே சிக்கிக்கொள்வது. சிப்பாய் துப்புரவுக் கம்பியைக் குழல் வாய் வழியாக இறக்கிக் கூட்டைக் குத்தித் தள்ளவேண்டியிருந்தது, அதுவும் எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது. 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இக்கார்ட் துணைக்குழு இதை விசாரித்தது. அதே ஆண்டு அறைக்குக் குரோம் முலாம் வந்தது. சில ஆண்டுகளில் துளை முழுவதற்கும் வந்தது. எம்16ஏ1 குழல்களின் மேல் அடித்த முத்திரையிலேயே இந்த வரலாறு படிக்கக் கிடைக்கும்: அறைக்கு மட்டும் முலாம் உள்ளவற்றில் "எம்பி சி" என்றும், பின்னால் வந்தவற்றில் "குரோம் போர்" என்றும் இருக்கும்.

கூடு ஏன் சிக்குகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பெரும்பாலோர் குரோமைத் துளையின் ஆயுளோடு மட்டும் சேர்த்து நினைக்கிறார்கள். அறையில் அது செய்யும் வேலை அதைவிட முக்கியம் என்றே சொல்லலாம். சுடும்போது பித்தளைக் கூடு அழுத்தத்தால் விரிந்து அறைச் சுவரோடு அறைந்தாற்போல ஒட்டும். அழுத்தம் இறங்கியதும் பித்தளை தன் மீள்தன்மையால் சற்றே சுருங்கி விடுபடும். அந்தச் சுருக்கம் மிகச் சிறியது. சுவரில் துருக்குழி இருந்தால், விரியும்போதே பித்தளை அந்தக் குழிக்குள் பிதுங்கி அமர்ந்துவிடும். சுருங்கியபின்னும் ஒவ்வொரு குழியும் ஒரு சிறு பல்லாக நின்று பிடிக்கும். கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி அதன் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பும். குரோம் பூசிய அறையில் குழி விழுவது அரிது, உராய்வும் குறைவு. தானே இயங்கும் துப்பாக்கியில் இது வாழ்வா சாவா விஷயம். கையால் போல்ட்டை இழுக்கும் வேட்டை ரைஃபிளில், கொஞ்சம் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

0.02 மில்லிமீட்டரின் கணக்கு

இனி, குரோம் எதிர்ப்பாளர்கள் சொல்லும் குறை: குறி தப்புகிறது என்பது. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை.

முலாமின் தடிமன் சாதாரண ரைஃபிள்களில் 0.01 முதல் 0.025 மி.மீ. வரை இருக்கும். கேட்க ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். 5.56 மி.மீ. குழலில் மேட்டுக்கு மேடு விட்டம் 5.56, பள்ளத்துக்குப் பள்ளம் 5.69. அதாவது மேட்டின் உயரமே 0.065 மி.மீ.தான். 0.02 மி.மீ. முலாம் என்றால் அந்த உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தடிமனுள்ள படலம். அதனால் துளையை முன்கூட்டியே அந்த அளவுக்குப் பெரிதாக வெட்டிக்கொள்ள வேண்டும். முலாம் ஏறி சரியான அளவுக்கு வந்து நிற்க வேண்டும்.

முலாம் ஏற்றும்போது குழலின் நடுவே நீளமான நேர்மின்முனைக் கம்பி ஓடும். குரோமிக் அமிலக் கரைசல் உள்ளே பாயும். கம்பி மயிரிழை விலகினாலும் ஒரு பக்கம் தடிமன் கூடும். மின்சாரத்துக்குக் கூர்மையான மூலை என்றால் பிரியம். மேட்டின் விளிம்புகளில் படலம் அதிகமாகவும், பள்ளத்தின் உள்மூலையில் குறைவாகவும் ஏறும். கூராக வெட்டிய சுழல்வரி சற்றே மழுங்கி, பூரித்தாற்போல வெளியே வரும். போட்டிக்கான குழல் செய்பவர்கள் துளையின் அளவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 0.003 மி.மீ. வேறுபாட்டுக்குள் கையால் தேய்த்து நிறுத்துகிறார்கள். அப்படித் தேய்த்து நிறுத்தியதன் மேல் 0.02 மி.மீ. படலத்தை ஏற்றி, அது அதே நேர்த்தியோடு நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. முலாம் ஏறியபின் தேய்க்கலாமே என்றால், எஃகை விட இரண்டு மடங்கு கடினமானதைத் தேய்க்க வேண்டும், அதுவும் சீராக. குழலில் மிக மோசமானது வாயை நோக்கி விரிந்துகொண்டே போகும் துளை; குண்டு வெளியேறும் நேரத்தில் பிடிமானம் தளரும். மோசமாகப் பூசிய குழலில் இது நேரும்.

எண்ணில் சொன்னால், நல்ல தயாரிப்பாளரின் குரோம் குழல், நல்ல தோட்டாவுடன், 100 மீட்டரில் 4 முதல் 6 செ.மீ. வட்டத்துக்குள் அடிக்கும். கையால் தேய்த்த ஸ்டெயின்லெஸ் குழல் 2 செ.மீ.க்கு அருகில் வரும். வித்தியாசம் உண்மைதான். ஆனால் இந்த ஒப்பீட்டில் ஒரு கள்ளக்கணக்கு இருக்கிறது. குரோம் குழல்கள் பெரும்பாலும் 5.56 நேட்டோ அறையோடு வரும். அதில் கூட்டைச் சுற்றி இடம் அதிகம். குண்டு சுழல்வரியைத் தொடுவதற்கு முன் தாண்டவேண்டிய வெற்றுத் தூரமும் அதிகம். அழுக்கும் மணலும் பட்டாலும் தோட்டா ஏற வேண்டும் என்பதற்காக அப்படி. போட்டிக் குழல்களோ இறுக்கமான .223 அறையோ, இரண்டுக்கும் நடுவில் அமைந்த வைல்டு அறையோ கொண்டு வருகின்றன. குரோமின் தலையில் விழும் பழியில் ஒரு பங்கு அறைக்குச் சேர வேண்டியது. இன்னொரு பங்கு, மொத்தமாக வாங்கும் மலிவுத் தோட்டாவுக்கு. அதையே சுடப்போகிறவருக்கு எந்தக் குழலும் 2 செ.மீ. தரப்போவதில்லை.

முலாம் எப்படித் தோற்கிறது

கடினக் குரோம் படலத்துக்குப் பிறவியிலேயே விரிசல் உண்டு. ஏறும்போதே உள்ளிழுப்பு விசை தாங்காமல் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் பிளந்துகொண்டே, அவற்றின் மேல் அடுத்த அடுக்கு ஏறும். தேய்மானத்துக்கு இது பெரிய தடையல்ல. ஆனால் தொண்டையில் சூடும் அழுத்தமும் ஏற ஏற, சில விரிசல்கள் எஃகு வரை இறங்கும். அதன் வழியே வாயு உள்ளே போய், கவசத்துக்குப் பின்னால் இருக்கும் எஃகைத் தின்னும். சுவரில் சுண்ணாம்புப் பூச்சு அப்படியே இருக்க, பின்னால் செங்கல் உதிர்வது போல. ஒரு நாள் அடித்தளம் இல்லாத குரோம் துண்டு பெயர்ந்து குண்டோடு போய்விடும். அந்த இடம் திறந்த பிறகு தேய்மானம் வேகம் பிடிக்கும், ஏனென்றால் திறந்த எஃகைச் சுற்றி நிற்கும் குரோம் விளிம்புகள் வாயுவைக் குழப்பி அங்கேயே குவிக்கும். கேமராவில் பார்க்கும்போது சாம்பல் வெள்ளிச் சுவரில் கரிய திட்டுகள் தெரிந்தால், குறிப்பாகச் சுழல்வரியின் முதல் அங்குலத்தில் மேட்டின் முன்விளிம்பில் தெரிந்தால், முலாம் உரியத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

பெரிய இயந்திரத் துப்பாக்கிகளில் தொண்டையைக் குரோமிடம் மட்டும் ஒப்படைக்காததற்குக் காரணம் இதுதான். எம்2 கனரக இயந்திரத் துப்பாக்கியிலும் எம்60இலும் அறைக்கு அடுத்த சில அங்குலங்களில் ஸ்டெல்லைட் என்ற கோபால்ட் கலவையால் ஆன உள்குழாயைச் செருகி, மீதித் துளைக்குக் குரோம் பூசினார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ஆய்வுகளிலிருந்து வந்த இணை அது.

முலாம் பிடிக்காமல் தொழிற்சாலையிலேயே கெடுவதும் உண்டு. எஃகை அமிலத்தால் சரியாகத் தயார் செய்யாவிட்டால் படலம் ஒட்டாது. முலாமிடும்போது எஃகுக்குள் புகும் ஹைட்ரஜனை, முடிந்ததும் அடுப்பில் பல மணி நேரம் வைத்து வெளியேற்றாவிட்டால் எஃகே நொறுங்கும் தன்மை பெறும். இதையெல்லாம் வாங்குபவர் பார்க்க முடியாது. அதனால் குரோம் குழல் விஷயத்தில் தயாரிப்பாளரின் பெயர், மற்ற வகைகளை விடக் கூடுதலாகப் பொருள்படும்.

குரோம் எதைக் காக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். குழலின் வெளிப்பக்கம், வாயின் முகப்பு, வாயுத்துளையின் விளிம்பு, வாயுக் குழாய், பிஸ்டன் எல்லாம் வெளியே நிற்கின்றன. துப்பாக்கியைத் தானே இயக்கக் குழலிலிருந்து வாயுவை எடுக்கும், 1.6 மி.மீ. அளவில் தொடங்கும் வாயுத்துளை நாளாக நாளாகத் தின்னப்பட்டுப் பெரிதாகும். துளை நன்றாக இருக்கும்போதே துப்பாக்கி தேவைக்கு மேல் வாயுவை வாங்கி, போல்ட்டை வன்மையாக அடிக்கத் தொடங்கும். பழைய ராணுவத் தோட்டாக்களில் உள்ள பொட்டாசியம் குளோரேட் பிரைமர் எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடை விட்டுச்செல்லும். அது சமையல் உப்பின் உறவு. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், எண்ணெயில் கரையாது. குரோம் துளை என்ற தைரியத்தில் எண்ணெய்த் துணியை மட்டும் ஓட்டி வைத்தால், பிஸ்டன் மறுநாளே சிவக்கும், நுண்விரிசலுக்குள் இறங்கிய உப்பு மெதுவாக வேலை பார்க்கும். முதலில் வெந்நீர், பிறகு நன்றாக உலர்த்தல், கடைசியில்தான் எண்ணெய். வரிசை மாறக்கூடாது.

நைட்ரைடு என்ற போட்டியாளர்

இப்போது குரோமுக்கு உண்மையான போட்டி ஸ்டெயின்லெஸ் அல்ல, உப்புக்குளியல் நைட்ரைடு. மெலோனைட், டெனிஃபர் என்று வணிகப் பெயர்கள் பல. வேலை எல்லாம் முடிந்த குழலை ஏறத்தாழ 580 டிகிரி சூடான உருகிய உப்பில் அமிழ்த்துவார்கள். நைட்ரஜனும் கரியும் எஃகின் மேற்பரப்புக்குள்ளேயே ஊடுருவி அதைக் கடினமாக்கும். மேலே ஒன்றும் ஏறாததால் துளையின் அளவு மாறுவதில்லை என்றே சொல்லலாம்; உரியவும் எதுவும் இல்லை. உள்ளே, வெளியே, வாயுத்துளையின் விளிம்பு, வாயின் முகப்பு எல்லாம் ஒரே குளியலில் காப்புப் பெறும். துருவை எதிர்ப்பதில் குரோமுக்கு இளைத்ததல்ல, செலவும் குறைவு. நிதானமாகச் சுடும் பெரும்பாலானோருக்கு இதுவே சரியான தேர்வு என்பது எங்கள் கணிப்பு.

குறை இல்லாமல் இல்லை. எஃகின் உருகுநிலையை நைட்ரைடு உயர்த்துவதில்லை. தொடர்ந்து வெளுத்துக் கட்டும் துப்பாக்கியில், தொண்டையின் சூட்டைத் தடுத்து நிறுத்தும் தனி அடுக்கு அங்கே கிடையாது. குழல் எஃகை முன்பே 580ஐ விட உயர்ந்த வெப்பத்தில் பதப்படுத்தியிருக்காவிட்டால், இந்தக் குளியலே உள்ளெஃகை மென்மையாக்கிவிடும். உள்ளே தேங்கிய இழுவிசையைத் தணிக்காத குழல் குளியலில் லேசாக வளைவதும் உண்டு. ஸ்டெயின்லெஸ் குழலை நைட்ரைடு செய்தால் அதன் கடினம் கூடும், துரு எதிர்ப்பு குறையும். இது பலருக்குத் தெரிவதில்லை.

"கோல்டு ஹாமர் ஃபோர்ஜ்டு" என்று இன்னொரு சொல் குரோமோடு ஒட்டிக்கொண்டே வரும். அது சுழல்வரி போடும் முறை. வரியின் எதிருரு செதுக்கிய கடின அச்சுக்கம்பியைச் செருகி, குழலைச் சுற்றிலும் சுத்தியலால் அடித்து இறுக்குவது. முலாமுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. இரண்டும் சேர்ந்தால் நீண்ட ஆயுள் தருகின்றன என்பதால் ராணுவத் தயாரிப்பாளர்கள் சேர்த்துச் செய்கிறார்கள்.

வெட்டக்கூடாது, தேய்க்கக்கூடாது

போல்ட் ரைஃபிளில் போட்டிக்குச் சுடுபவர்கள் தொண்டை கரைந்ததும் குழலைத் தூக்கிப்போடுவதில்லை. பின்பக்கத்தில் ஓர் அங்குலத்தை வெட்டி, ரீமர் என்ற துளைவெட்டியால் புதிய அறை வெட்டி, இன்னொரு ஆயிரம் குண்டுக்குப் பயன்படுத்துவார்கள். குரோம் குழலில் இது நடக்காது. ரீமரின் கூர் முலாமில் பட்டதும் மழுங்கும், அல்லது முலாம் சில்லுசில்லாக உடையும். வாயில் மரை வெட்டுவது வெளிப்பக்க வேலை என்பதால் பரவாயில்லை. ஆனால் குழலைக் குட்டையாக்கினால் புதிய வாயின் விளிம்பைக் கார்பைடு வெட்டியால் மெதுவாகச் சீர்செய்ய வேண்டும். அவசரப்பட்டால் விளிம்பில் ஒரு சில்லு பெயரும், அந்தப் பக்கம் வாயு ஒரு கணம் முந்தி வெளியேறி ஒவ்வொரு குண்டையும் ஒரே திசையில் தள்ளும்.

துப்புரவிலும் இதே எச்சரிக்கை. நைலான் தூரிகை, வெண்கலத் தூரிகை இரண்டும் ஒன்றும் செய்யாது. குரோம் சுவரில் செம்பு குறைவாகவே ஒட்டும், அதனால் வேலையும் குறைவு. அரைப்புப் பசையால் தேய்ப்பதும், புதுக் குழலைப் "பழக்க" அரைப்புப் பசை பூசிய குண்டுகளைச் சுடுவதும் வேண்டாம். மெல்லிய இடத்தில் முலாம் போய்விடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த எந்தத் துருநீக்கியும் குரோமைக் கரைத்துவிடும்.

தோட்டாவின் தேர்வு முலாமின் ஆயுளை எந்த அளவுக்குத் தின்னும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் ஒரு தோட்டா விற்பனை நிறுவனம் நான்கு ஏஆர்-15 ரைஃபிள்களை, ஒவ்வொன்றுக்கும் 10,000 தோட்டா என்று இலக்கு வைத்துச் சுட்டு, முடிவுகளை 2013இல் வெளியிட்டது. செம்பு உறையிட்ட குண்டைச் சுட்ட குழல் கடைசி வரை தாக்குப்பிடித்தது. செம்பு பூசிய இரும்பு உறைக் குண்டுகளைச் சுட்டவை ஏறத்தாழ 6,000 தாண்டுவதற்குள் தேய்ந்து போயின. வேகமாகச் சுட்ட சோதனை அது, நிதானமாகச் சுட்டால் எண்கள் கூடும். ஆனால் விகிதம் சொல்லும் சேதி தெளிவு. மலிவுத் தோட்டாவில் மிச்சம் பிடித்த பணம் பெரும்பாலும் இரண்டு குழலுக்குப் போதும் என்பதால், கணக்குப் பார்த்துச் செய்தால் அதுவும் முட்டாள்தனம் இல்லை.

எதை வாங்குவது

தானே இயங்கும் 5.56 அல்லது 7.62x39 துப்பாக்கி, சுடும் பயிற்சி வகுப்புகளில் ஒரே நாளில் ஐந்நூறு குண்டு சுடுவது, மழையில் சேற்றில் கிடப்பது, உப்பு பிரைமர் தோட்டா: இவற்றில் இரண்டு பொருந்தினாலே குரோம் முலாம் தன் விலையைத் திருப்பித் தரும். மாதம் ஒரு முறை சுடுதளத்துக்குப் போய் நூறு குண்டு சுட்டு, அன்றே துடைத்து வைப்பவருக்கு நைட்ரைடு போதும். 300 மீட்டரில் ஒரே ஓட்டையில் ஐந்து குண்டு வேண்டும் என்பவர் ஸ்டெயின்லெஸ் வாங்கட்டும், ஆயுளைப் பற்றிப் புலம்பாமல் இருக்கட்டும். வேட்டைக்காரரின் போல்ட் ரைஃபிள் ஆண்டுக்கு நாற்பது குண்டு சுடும். அதற்கு முலாம் போட்டால் பேரன் காலத்திலும் தேயாது, முலாம் போடாவிட்டாலும் தேயாது. கடலோரத்தில் படகில் வைத்திருப்பவர் மட்டும் விதிவிலக்கு.

பழைய குரோம் குழலை வாங்குவதாக இருந்தால், வாயில் குண்டைச் செருகிப் பார்ப்பதை நம்ப வேண்டாம். வாய் நன்றாக இருக்க, தொண்டை செத்துப்போன குழல்கள் ஏராளம். துளைக்குள் விடும் கேமராவை அறைப் பக்கத்திலிருந்து விட்டு, முதல் மூன்று அங்குலத்தைப் பாருங்கள். மெல்லிய வலைபோன்ற கோடுகள் இருந்தால் கவலையில்லை, அது வயது. மேட்டின் முன்விளிம்பு கரைந்து சரிவாகியிருந்தால், கரிய திட்டுகள் இருந்தால் விலையைக் குறையுங்கள். சுட்டுப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால், குழல் நன்றாகச் சூடேறும் வரை ஒரு பெட்டி சுட்டுவிட்டு, காகிதத்தை அருகில் போய்ப் பாருங்கள். துளைகள் வட்டமாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு சாவித்துவாரம் போல நீண்டிருந்தால், குண்டுகள் சுழல்வரியைப் பிடிக்காமல் பக்கவாட்டில் புரண்டு போகின்றன. அந்தக் குழலில் முலாம் என்ன, சுழல்வரியே மிச்சமில்லை.